பழைய இராணுவ ரைபிள் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளங்களில்தான் சுட்டோம். செஞ்சுரி தளத்தில் 200, 600 கஜம்; ஸ்டிக்கிள்டவுனில் 900 கஜம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, 303 லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் இராணுவ ரைபிளுக்கு நாம் கையால் நிரப்பிய தோட்டாக்களைப் பற்றி.

ஜூன் மாதம் நம் உறுப்பினர் ஒருவரின் நம்பர் 4 ரைபிளில் (லீ-என்ஃபீல்டின் ஒரு வகை) தோட்டாவின் பித்தளை உறை அறுந்துபோனது. அறையை மூடும் போல்ட்டை இழுத்தபோது உறையின் அடிப்பாகம் மட்டும் வந்தது. மீதி, தோட்டா அமரும் அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. போர்க்களச் சேறு புகுந்தாலும் தோட்டா ஏற வேண்டும் என்று இந்த ரைபிளின் அறையைத் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். சுடும்போது உறை அந்த இடத்தை நிரப்ப ஊதிப் பெருக்கும். மறுபடி நிரப்புவதற்காக நாம் அதை முழுதாக அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர, அது மறுபடி ஊத, அடிவிளிம்புக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே போகும். அதனால் இப்போது குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டுமே இறுக்குகிறோம். ஒரு ரைபிளில் சுட்ட உறை அதே ரைபிளுக்குத்தான். நிரப்பும் முன், நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடியிலிருந்து சுவரோடு ஒட்டி மேலே இழுத்துப் பார்க்கிறோம். கம்பி ஒரு பள்ளத்தில் சிக்கினால், உறை வெளியே எவ்வளவு பளபளத்தாலும் குப்பைக்குத்தான்.

குண்டு விஷயத்திலும் பாடம் கற்றோம். 303 (0.303 அங்குலம்) என்று பெயர் இருந்தாலும், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய பள்ளங்களின் குறுக்களவு 0.311 அங்குலத்துக்கு மேல்தான். போர்க்காலக் குழல்களில் இன்னும் அகலம். ஈயத்துண்டைக் குழலில் தள்ளி அளந்த பிறகுதான் குண்டு வாங்கினோம். ஐந்து பள்ளக் குழலில் பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வருவதால், அளப்பதற்கே ஒரு மாலை போய்விட்டது. தேய்ந்த குழல்களுக்குப் பழைய இராணுவத் தோட்டாவான மார்க் 7-இல் இருந்தது போலவே 174 கிரெயின் எடையுள்ள தட்டையடிக் குண்டு ஒத்துவந்தது.

சரி, 900 கஜத்துக்கு வருகிறேன். 200 கஜத்தில் மேலும் கீழுமாகச் சிதறிய ஒரு கலவையை (குண்டும் மருந்தளவும் சேர்ந்த ஒரு நிரப்பு முறையை) ஒதுக்கவிருந்தோம். அதுவே ஸ்டிக்கிள்டவுனில் மற்றெல்லாவற்றையும்விட நெருக்கமாக விழுந்தது! லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் பூட்டுவது. வெடிக்கும்போது உடலும் குழலும் சற்று வளைந்து அதிரும். மெதுவான குண்டு தாமதமாக, குழல்வாய் மேலும் உயர்ந்திருக்கும்போது வெளியேறும். கிட்டத்தில் அது உயரத்தில் படும். தூரத்தில் வேகக் குறைவால் அதிகம் இறங்கி, வேகமான குண்டோடு சேர்ந்துவிடும். முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். நாம்தான் கிட்டத்து இலக்கு அட்டையைப் பார்த்து நல்ல கலவைகளைத் தள்ளிவிட்டோம் என்பது என் வருத்தம். இனி 900 கஜத்தில் சுட்டுப் பார்க்காமல் எதையும் ஒதுக்க வேண்டாம்.

வெடிமருந்தின் அளவை அச்சிட்ட அட்டவணையின் கீழ்வரம்பிலிருந்தே தொடங்கும் விதி அப்படியே தொடர்கிறது. பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வாங்கப் போகும்போது துப்பாக்கிச் சான்றிதழை மறக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அவரவர் உறைகளை, ரைபிள் எண் ஒட்டிய பெட்டியில் எடுத்து வாருங்கள். கம்பி நான் கொண்டுவருகிறேன்.

செயலாளர்