வெளி லைப்ரரியை இணைக்கும் வழிமுறையில் உள்ள குறை பற்றிய புகார்

அனுப்புநர்:
அதிர்வுக் கணிப்புப் பொறியாளர்,
பீன்யா தொழிற்பேட்டை, பெங்களூரு.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் எண்கணிப்பு மென்பொருளுக்கு எங்கள் சிறு அலுவலகம் மூன்றாவது ஆண்டாக உரிமத் தொகை கட்டி வருகிறது. சென்னையிலிருந்து வந்த உங்கள் விற்பனைப் பிரதிநிதி எங்களிடம் தமிழில்தான் பேசினார். எனவே புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

கோவை பம்பு நிறுவனம் ஒன்றின் அடிச்சட்டத்துக்கு அதிர்வுக் கணக்குப் போட்டுத் தர வேண்டியிருந்தது. வேகம் கூடும் என்று, அணிக் கணக்குகளைப் போடும் ஆயத்த நிரல் தொகுப்பான ஓப்பன்பிளாஸ் லைப்ரரியை வெளியிலிருந்து இணைத்தேன். லைப்ரரிக் கோப்பின் பாதையைச் சூழல் மாறியில் (இயங்குதளம் நிரல்களுக்குத் தரும் அமைப்பில்) கொடுத்துவிட்டு மென்பொருளை மீண்டும் திறக்க வேண்டும். உங்கள் கையேட்டில் இருப்பது இவ்வளவுதான். அணிப் பெருக்கல் சரியாகவும் விரைவாகவும் வந்தது. நம்பினேன். சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னதும் மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது.

உங்கள் உதவிக் குழுவுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். பிறகு புகாரையே முடித்துவைத்துவிட்டார்கள்.

9 நாட்கள் கழித்துக் காரணத்தை நானே கண்டுபிடித்தேன். உங்கள் மென்பொருள் முழு எண்களை 64 பிட்டில் அனுப்புகிறது. நான் இணைத்த லைப்ரரி அவற்றை 32 பிட்டாக வாங்குகிறது. அணியின் அளவு சிறிய எண் என்பதால் கீழ்ப்பாதியை மட்டும் படித்தாலும் மதிப்பு மாறுவதில்லை. பெருக்கல் தப்பித்தது அதனால்தான். சமன்பாடுகளைத் தீர்க்க அணியை இரண்டு முக்கோண அணிகளாகப் பிரிக்கும் எல்யூ பிரிப்பிலோ எந்த நிரையை எதனுடன் இடம் மாற்றினோம் என்ற பட்டியல் லைப்ரரியிலிருந்து திரும்பி வருகிறது. அதில் 3, 4 என்று அடுத்தடுத்து இருந்த இரண்டு எண்களை உங்கள் மென்பொருள் 17179869187 என்று ஒரே எண்ணாகப் படித்திருக்கிறது. அத்தனையாவது நிரைக்கு அது எங்கே போகும்?

அதே லைப்ரரியை, முழு எண்களை 64 பிட்டில் வாங்கச் சொல்லும் ‘இன்டர்ஃபேஸ்64=1’ என்ற அமைப்பைக் கொடுத்து மறுபடி தொகுத்தேன் (கம்பைல் செய்தேன்); எல்லாம் சரியாகிவிட்டது. இந்த ஒரு வரி கையேட்டில் இருந்திருக்க வேண்டாமா? மென்பொருள் மூடிக்கொண்டதால் பிழை தெரிந்தது. மூடிக்கொள்ளாமல் தவறான விடையைத் தந்திருந்தால், அதை நம்பி அந்தச் சட்டம் வார்ப்புக்கே போயிருக்கும். நினைத்தால் இன்னும் பதறுகிறது.

கையேட்டை உடனே திருத்துங்கள். வெளி லைப்ரரி ஏறும்போதே சிறிய அணி ஒன்றைத் தீர்த்துப் பார்த்து, எண் அகலம் பொருந்தாவிட்டால் எச்சரிக்கும்படி மென்பொருளையும் மாற்றுங்கள். முடித்துவைத்த புகாரைத் திரும்பத் திறந்து காரணத்தை அதில் பதியுங்கள். அடுத்து மாட்டிக்கொள்பவருக்காவது உதவும். வீணான 9 நாட்களை எங்கள் உரிமக் காலத்தோடு சேர்த்துத் தர வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்