உளுந்து இருப்பும் மை இருப்பும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். சிங்கப்பூரில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலந்தானே? உன் குரல் செய்தி வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடவில்லை என்று கோபிக்காதே. கரண்டு இருந்தால் நெட் இல்லை, நெட் இருந்தால் எனக்கு நேரமில்லை. இன்று இரண்டும் இல்லை, நேரம் மட்டும் இருக்கிறது. அதனால் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு பேப்பரில் எழுதுகிறேன். பிறகு போட்டோ எடுத்து அனுப்புவேன்.

அம்மா ரங்கூனுக்கு வரவே மாட்டேன் என்கிறாள். நாலு மாடி ஏற முழங்கால் கேட்கவில்லை. நியாங்லேபினிலேயே கோயிலும் தானுமாக இருக்கிறாள். பங்குனியில் தீமிதிக்குப் போயிருந்தேன். நீயும் நானும் அ, ஆ எழுதிய கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். கோடை விடுமுறைக்குத் தமிழ் படிக்க வந்த பிள்ளைகள் பதினோரு பேர். நம் காலத்தில் உட்கார இடம் கிடைக்காமல் வாசற்படியில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரை நெட் வழியாகத் திறக்க வழிவிடும் அந்தப் 'போர்ட் ஃபார்வர்டிங் பத்து நிமிஷ வேலை' என்று சொன்னாயே, உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று.

எங்கள் உளுந்துக் கம்பெனி முதலாளிக்கு வேண்டியது சின்ன விஷயம்தான். ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சர்வராக்கி, இருப்புக் கணக்கை அதில் ஒரு வெப் பக்கமாக வைத்திருக்கிறேன். சரக்கு இருப்பது 80 கிலோமீட்டர் தள்ளி, பெகு குடோனில். நம் உளுந்தில் பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் போகிறது. அங்கிருந்து காலையில் விலை வரும்போது எஸ்.க்யூ. என்ற உயர்தரம் எத்தனை மூட்டை, எஃப்.ஏ.க்யூ. என்ற சராசரித் தரம் எத்தனை மூட்டை என்று அந்த நிமிஷமே தெரிய வேண்டும். குடோனிலிருந்து பதிவு செய்ய வேண்டும், முதலாளி பெகுவுக்குப் போனால் அங்கிருந்தே பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அவருக்குப் புரிய வைக்கக் கயிற்றைத்தான் காட்டினேன். டவுன் வீடுகளில் ஒவ்வொரு மாடி பால்கனியிலிருந்தும் தெருவரை தொங்குமே, நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பர்காரப் பையன் கிளிப்பில் பேப்பரை மாட்டி ஓர் இழுப்பு இழுத்தால் நாலாம் மாடியில் மணி அடிக்கும். கட்டடத்துக்குத் தெருவில் ஒரே நம்பர், அது பப்ளிக் ஐ.பி., அதாவது நெட்டில் வெளியே தெரியும் நம் முகவரி. கயிறு போர்ட். வெப் பக்கத்துக்கான 443-ம் கயிற்றை இழுத்தால் சர்வரிடம் மணி அடிக்க வேண்டும் என்று, நெட்டை உள்ளே பங்கிட்டுக் கொடுக்கும் ரௌட்டரிடம் எழுதி வைப்பதுதான் வேலை என்றேன். "மொத்தம் எத்தனை கயிறு?" என்றார். 65,535 என்றேன். "யாருப்பா அத்தனையும் தொங்க விட்டது?" நாம் விடாதவரை ஒன்றும் தொங்காது என்று சொன்ன பிறகுதான் நிம்மதியானார்.

முதல் நாள் விதியை எழுதினேன். வெளிப் போர்ட் 443, உள்ளே சர்வரின் முகவரி 192.168.1.104, அங்கும் 443. சேமித்தேன். போனில் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் தட்டினேன். ஒன்றுமில்லை. எழுத்துப் பிழையோ என்று விதியை நாலு முறை அழித்து எழுதினேன். மூன்றாம் நாள்தான் ரௌட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்த முகவரியைக் காட்டும் வேன் (WAN) பக்கத்தைத் திறந்து பார்க்கத் தோன்றியது. 100.72 என்று ஆரம்பிக்கும் முகவரி! வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் முகவரியோ வேறு. இதை நீ முதலிலேயே கேட்டிருக்கலாம். 100.64-லிருந்து 100.127 வரை உள்ளது 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய இடம். இணைப்புக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களை ஒரே காம்பவுண்டுக்குள் அடைத்து வைக்கும் இடம். என் கட்டடமே தெருவில் இல்லை. நான் கயிறு தொங்க விட்டது காம்பவுண்டுக்குள், தபால்காரன் நிற்பதோ வெளிக் கேட்டில். கம்பெனியை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. ஐ.பி.வி.4 என்ற இந்தப் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரி, 2011 பிப்ரவரியிலேயே மத்தியக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. நமக்குத் தனி முகவரி வேண்டுமென்றால் மாதாமாதம் தனிக் காசு. ஒரு வாரம் போன் போட்டுப் பணம் கட்டி வாங்கினேன்.

அப்புறமும் வரவில்லை. ஃபைபர் பெட்டியும் ஒரு ரௌட்டர், என் ரௌட்டரும் ஒரு ரௌட்டர், இரண்டும் முகவரியை மாற்றிக்கொண்டிருந்தன. பெட்டியை பிரிட்ஜாக்கச் சொன்னேன், அதாவது முகவரியை மாற்றாமல் அப்படியே கடத்திவிட. அன்று சாயங்காலம் போனில் பக்கம் திறந்தது. டீக்கடையில் நின்று ஓவென்று கத்திவிட்டேன். மாடிக்கு ஓடி வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே முகவரியைத் தட்டினால் திறக்கவில்லை! உள்ளே இருந்துகொண்டு வெளி முகவரியைத் தட்டினால் சில ரௌட்டர்கள் திருப்பிவிடத் தெரியாமல் முழிக்கும் என்று பிறகு படித்தேன். உள்ளே இருப்பவர்கள் 192 முகவரியைத் தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குமேல் மல்லுக்கட்டத் தெம்பில்லை.

இனிதான் கதை. இங்கே கரண்டு முறை வைத்துத்தான் வரும், அந்த முறையும் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வியாழக்கிழமை விடியற்காலை போய், எட்டு மணிக்கு வந்தது. ஒன்பதரைக்கு முதலாளி பெகுவிலிருந்து போன். "ஏம்ப்பா, உளுந்து இருப்பைக் கேட்டால் மை இருப்பைக் காட்டுதே!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனில் திறந்து பார்த்தேன். நீலப் பட்டை, கீழே ஒரு கறுப்புக் கட்டம், 'டோனர் 18 சதவீதம்', 'தட்டில் தாள் இல்லை'. எங்கள் பிரிண்டர்! நடந்தது இதுதான். கரண்டு போனதும் ரௌட்டர், யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்பதை மறந்துவிட்டது. கரண்டு வந்ததும் பிரிண்டர் அரை நிமிஷத்தில் எழுந்து 104-ஐ வாங்கிக்கொண்டது. சர்வர் இரண்டு நிமிஷம் கழித்து முக்கி முனகி எழுந்தபோது அதற்கு 107 கிடைத்தது. கயிறு அதே கயிறுதான், வீட்டில்தான் ஆள் மாறிவிட்டார். 'இந்தத் தளத்தின் சான்றிதழை நம்ப முடியாது' என்ற எச்சரிக்கை வந்தால் தட்டிவிட்டு உள்ளே போங்கள் என்று நானேதான் முதலாளிக்குப் பழக்கி வைத்திருந்தேன். அவரும் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சிரித்து முடித்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. கடவுச்சொல்லே போடாத பிரிண்டர் ஒன்றரை மணி நேரம் உலகத்துக்கே திறந்து கிடந்திருக்கிறது. யார் வந்து தட்டினார்கள் என்று குறித்து வைக்கும் சர்வர் லாகை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். கயிறு தொங்கவிட்ட முதல் மணி நேரத்திலிருந்தே யார் யாரோ இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்மிடம் இல்லாத மென்பொருளின் அட்மின் பக்கத்தைக் கேட்டு வரிசை வரிசையாக. நம்மைத் தேடி வந்தவர்கள் இல்லை, எல்லாத் தெருவிலும் எல்லாக் கயிற்றையும் இழுத்துப் பார்க்கும் இயந்திரங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையையே தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பும் வேண்டும் என்று முதலாளி சொன்னபோது அதற்கான 3389-ஐத் திறக்காமல் தட்டிக் கழித்தேனே, அந்த ஒன்றுக்காகவாவது என்னைப் பாராட்டு. 2017 மே மாதத்தில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை ஞாபகம் இருக்கிறதா? கோப்புகளைப் பகிரும் 445-ஐத் திறந்து போட்ட கதிதான் அது.

இப்போது சர்வரிலேயே 192.168.1.10 என்று நிலையாகப் போட்டுவிட்டேன். ரௌட்டர் பங்கிட்டுக் கொடுப்பது 100-க்கு மேல்தான், அதனால் 10-ஐ யாருக்கும் தூக்கிக் கொடுக்காது. பிரிண்டருக்கும் அதன் மேக் முகவரியை (கருவியோடு பிறந்த அடையாள எண்) பார்த்து ஓர் இடம் ஒதுக்கியாயிற்று, கடவுச்சொல்லும் போட்டாயிற்று. ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். ஒன்று. கருவிகள் தாமே போர்ட் திறக்க விடும் யு.பி.என்.பி.யை அணைத்துவிட்டேன். எந்தப் பொருளும் என்னைக் கேட்காமல் தானே கயிறு விடக்கூடாது.

வி.பி.என். என்ற மறைகுழாய் இணைப்பைப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பாய். தெரியும்டா. இங்கே அந்தச் சொல்லே இப்போது வம்பு. 2024 மே கடைசியிலிருந்து தடுக்கிறார்கள், தெருவில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். 2025 ஜனவரியில் வந்த சட்டத்தில், அனுமதியில்லாமல் அந்தச் சேவை நடத்தினால் சிறை. ஆபீஸ் விஷயம் வேறு என்று விளக்கிக்கொண்டு நிற்க எனக்கு ஆசையில்லை, முதலாளிக்கும் இல்லை.

அதனால் குடோனுக்கும் ஒரு நிலையான முகவரி வாங்கி, அந்த முகவரியிலிருந்து வந்தால் மட்டும் 443 திறக்கும் என்று விதியை இறுக்கிவிட்டேன். மற்றவர்கள் இழுத்தால் மணி அடிக்காது. இதில் அடிபட்டவர் முதலாளிதான். அவர் போனின் முகவரி நேரத்துக்கு ஒன்றாக மாறும், அதனால் வழியில் காரிலிருந்து பார்க்க முடியாது. "ரெண்டு இடத்துக்கும் மாசக் காசு கட்டுறேன், என் கணக்கை நான் பார்க்க முடியலையா?" என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். இப்போது குடோன் கணக்கப்பிள்ளைக்குப் போன் போட்டு, அவர் திரையைப் பார்த்து வாசிக்க, இவர் சிகரெட் அட்டையில் எழுதிக்கொள்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்காக ஒரு வேலை செய். எங்கள் முகவரியைத் தனியாக அனுப்புகிறேன், அங்கிருந்து ஒரு முறை எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார். ஒன்றுகூடப் பதில் சொல்லக்கூடாது. சொன்னால் ராத்திரி எந்நேரமானாலும் எழுப்பு.

தெருவில் பிள்ளைகள் 'மீ லாபீ!' என்று கத்துகிறார்கள். கரண்டு வந்துவிட்டது. மூலையில் பிரிண்டர்தான் வழக்கம்போல முதலில் எழுந்து கிர்ரென்கிறது. போய் 10 யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

உன்,
வாசற்படி நண்பன்