செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

அவையோருக்கு வணக்கம்.

தைபே வாழ் தமிழர்களான நமக்கு இந்த ஆண்டும் பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நன்றாகவே நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது தைபே 101 கட்டடத்துக்கு நாம் போய்வந்ததைப் பற்றித்தான்.

ஏப்ரல் 3 காலை தைவானின் கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியன் நகருக்கு அருகே 7.2 அளவில் நிலநடுக்கம் வந்தது. அதன் பின்னதிர்வுகளும் ஓயவில்லை. புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் மிகவும் பயந்துபோயிருந்தன. இந்த மண்ணில் 508 மீட்டர் உயரக் கட்டடம் எப்படி நிற்கிறது என்று பிள்ளைகளுக்கு நேரில் காட்டினால் நல்லது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். சரி என்று கிளம்பினோம்.

5ஆம் தளத்தில் லிஃப்ட் ஏறினால் 37 நொடியில் 89ஆம் தளம். அங்கிருந்து பார்த்தால், தடித்த எஃகுக் கம்பிவடங்களில் தொங்குகிறது 660 டன் எடையுள்ள பொன்னிற உருண்டை. கிட்டத்தில் பார்த்தால் அது முழு உருண்டை இல்லை, 12.5 சென்டிமீட்டர் கனமுள்ள 41 எஃகுத் தகடுகளை அடுக்கிப் பற்றவைத்திருக்கிறார்கள். விளிம்பில் படிபடியாகத் தெரிகிறது. கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது உருண்டை பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். அடியில் உள்ள எண்ணெய் உருளைகள் அந்த வேகத்தை உறிஞ்சிவிடும். 2015 சௌடெலோர் புயலில் அது ஒரு மீட்டர் வரை ஆடியது.

நம்மில் பலர் நினைப்பதுபோல் உருண்டை மட்டுமே கட்டடத்தைக் காப்பாற்றுவதில்லை. அது முக்கியமாகக் காற்றுக்கானது. நிலநடுக்கத்தைத் தாங்குவது, கான்கிரீட் நிரப்பிய எட்டுப் பெரும் எஃகுத் தூண்களும், முறியாமல் வளைந்துகொடுக்கும் எஃகுச் சட்டகமும், பாறைக்குள் இறக்கிய 380 அடித்தூண்களும்தான். கண்ணில் படாத இந்த வேலையைத்தான் பிள்ளைகளிடம் அதிகம் பேசினோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2002 மார்ச் 31இல், கட்டுமானத்தின்போது வந்த நிலநடுக்கத்தில் 56ஆம் தளத்திலிருந்து கிரேன்கள் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். கட்டடச் சட்டகத்துக்குப் பெரிய சேதம் இல்லை. அவர்களை நினைத்துச் சிறிது நேரம் அமைதியாக நின்றோம்.

அப்புறம், வரும் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் அலமாரி, ஃப்ரிட்ஜ் போன்றவற்றைச் சுவரோடு இறுக்கிப் பொருத்தித் தர ஒரு குழு அமைக்கச் செயற்குழு விரும்புகிறது. துளையிடும் கருவி வைத்திருப்பவர்களும் கைகொடுக்கக்கூடியவர்களும் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். தனியாகத் தங்கியிருக்கும் மாணவர்கள் அறைகளிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்