கழுத்தை முதலில் பாருங்கள்: பழைய சிறு கிட்டார் வாங்குவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய சிறு கிட்டார் தேடி எங்களுக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு தொடங்குகிறார்கள். எந்த நிறுவனம், எந்த ஆண்டு, மேல்பூச்சு அசலா? நாங்களோ கழுத்தையும், உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜையும் பக்கவாட்டில் எடுத்த படத்தைத்தான் முதலில் அனுப்புகிறோம். கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று சிலர் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்துக்கு ஏன் முதலிடம் தருகிறோம் என்று சொல்லவே இந்த மடல்.

கம்பித் தந்தி கட்டிய கிட்டாரின் மேற்பலகை சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதன்மேல் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. சிறு கிட்டார்கள் இன்னும் மெல்லிய உடம்பு கொண்டவை. அந்த மென்மையால்தான் விரல் பட்டவுடன் பேசுகின்றன. அதே மென்மையால்தான் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் உடல் மெல்ல மடிகிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்புகிறது, ஒலித்துளையை ஒட்டி அமிழ்கிறது, கழுத்து முன்பக்கம் சாய்கிறது, தந்தி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளை விட்டு மேலே எழும்புகிறது. இது வயது செய்கிற வேலை. யாரையும் குறைசொல்ல முடியாது.

குறை எங்கே வருகிறது என்றால், அதை மறைக்கும்போது. தந்தி உயர்ந்துவிட்டால், பிரிட்ஜில் செருகியிருக்கும், தந்தி படியும் மெல்லிய பட்டையான சேடிலைத் தேய்த்துத் தாழ்த்தலாம். 12ஆவது ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளி. ஆகவே அங்கே 1 மில்லிமீட்டர் இறக்க, சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். இரண்டு முறை இப்படிச் செய்தால் சேடில் தீர்ந்துபோகும். பிறகு சிலர் பிரிட்ஜையே இழைத்துவிடுகிறார்கள்.

சென்ற பருவத்தில் ஒருவர் வேறிடத்தில் வாங்கிய மகோகனி உடல் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். 1930களில் செய்தது. பார்க்க அத்தனை அழகு. கீறல்கள்கூட அதற்கு நகைபோல இருந்தன. 12ஆவது ஃப்ரெட்டில் தந்தி உயரம் 2.5 மில்லிமீட்டர், குறைசொல்ல முடியாத அளவு. ஆனால் மீட்டினால் ஒலி உள்ளேயே நின்றது. சேடில் பிரிட்ஜுக்கு மேலே நகக்கனம்கூட எழும்பவில்லை. பிரிட்ஜின் தடிமனை அளந்தோம்: 5 மில்லிமீட்டர். 8க்கு மேல் இருக்க வேண்டிய இடம் அது. தந்தி சேடிலைத் தாண்டி இறங்கும் சரிவே இல்லாததால் பலகையை அது அழுத்தவில்லை. கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி, புதிய பிரிட்ஜும் செய்து ஒட்ட வேண்டியதாயிற்று. அசல் பிரிட்ஜ் போனது போனதுதான். "உடனே வாசிக்கலாம்" என்ற ஒரு வாக்கை நம்பி வாங்கியிருந்தார். அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது எங்களுக்கும் மனம் கனத்தது.

இதை நீங்களே சோதிக்கலாம். தந்திகளைச் சுருதிக்கு ஏற்றி வைத்து, நேரான நீண்ட அளவுகோலை நடுவில், ஃப்ரெட்டுகளின் மேலே படுக்கவைத்து பிரிட்ஜை நோக்கி நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டால் கோணம் நன்றாக இருக்கிறது. விளிம்புக்குக் கீழே முட்டினால் கழுத்து சாய்ந்திருக்கிறது. இதோடு மூன்று அளவுகளைச் சேர்த்துப் படியுங்கள்: 12ஆவது ஃப்ரெட்டில் தந்தி உயரம், சேடில் வெளியே தெரியும் உயரம், பிரிட்ஜின் தடிமன். ஒன்றை மட்டும் சொல்லி மற்ற இரண்டையும் விட்டுவிடுகிற விற்பனையாளரிடம் அவற்றையும் கேட்டு வாங்குங்கள். தந்தி உயரத்தை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் கிடைக்கிறது.

கழுத்தைத் திருத்துவது கௌரவமான வேலை. பழைய நல்ல கிட்டார்களில் கழுத்து, புறாவின் வால்போல விரிந்த மூட்டில் வஜ்ஜிரம் என்ற விலங்குத்தோல் பசை வைத்து ஒட்டப்பட்டிருக்கும். நீராவியும் சூடும் பட்டால் வஜ்ஜிரம் இளகும். மரத்துக்குச் சேதமில்லாமல் பிரித்து மீண்டும் பொருத்தலாம். பிரித்துப் பழுதுபார்க்க முடியும் என்பதை மனத்தில் வைத்தே அந்த ஆசாரிகள் செய்திருக்கிறார்கள். இடையில் யாரோ எபாக்சி பசையை ஊற்றியிருந்தால்தான் ஆபத்து. அப்படிப்பட்ட ஒன்றை நாங்கள் விற்பனைக்கு எடுப்பதில்லை. முறையாகத் திருத்திய கிட்டாருக்கு எங்கள் பட்டியலில் விலை கூடுதலாக இருப்பதற்கும் இதுவே காரணம்: அந்தச் செலவு முடிந்துவிட்டது.

உள்ளே பார்க்க ஒரு சிறு கண்ணாடியும் விளக்கும் போதும். பிரிட்ஜுக்கு நேர் கீழே ஒட்டியிருக்கும் மேப்பிள் தகட்டைத் தேடுங்கள். தந்தியின் உருண்டை முனைகள் அங்கேதான் உட்காருகின்றன. துளைகள் கடித்துக் குதறியது போலிருந்தால் தந்தி மேலே ஏறிக்கொண்டே வரும். இதைத் தகட்டை மாற்றாமலேயே அடைத்துச் சீராக்கலாம். பின்பு விரல் முட்டியால் பலகையைப் பல இடங்களில் தட்டிக் கேளுங்கள். அதிர்கிற ஒரு சலசலப்பு வந்தால், பலகையின் உள்பக்கம் ஒட்டிய தாங்குசட்டமான பிரேஸ் ஒன்று பிடிவிட்டிருக்கிறது. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் எழும்பத் தொடங்கிவிட்டது. விரிசல்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். மர இழையோடு ஓடி, பின்புறம் சிறு மரத்துண்டுகள் ஒட்டி மூடிய விரிசல் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் உரத்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க கிட்டார் நிறுவனமான மார்ட்டின் 1922இல்தான் 2-17 என்ற சிறு மாடலைக் கம்பித் தந்திக்கென்றே வழக்கமாகச் செய்யத் தொடங்கியது. அதற்கு முந்தைய பெரும்பாலான சிறு கிட்டார்கள் குடல் தந்திக்காகச் செய்தவை. அவற்றில் கம்பியைக் கட்டினால் பலகை தாங்காது. வாங்கியவர் அன்போடு கட்டிய புதுத் தந்தியாலேயே உடைந்த கிட்டார்களை எங்கள் மேசையில் பார்த்திருக்கிறோம். நைலான் தந்தி கட்டுங்கள். அதன் குரல் உங்களை ஏமாற்றாது.

அளவைப் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். மார்ட்டின் வழக்கில் 0 என்றால் கீழ்உடலின் அகலம் சுமார் 34 சென்டிமீட்டர், 00 என்றால் 36க்குச் சற்று மேல், 000 என்றால் 38. இன்னோர் அமெரிக்க நிறுவனமான கிப்சனின் எல்-00 மாடல் ஏறக்குறைய 37.5. மடியில் வைத்தால் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். விரல்களால் வாசிப்பவருக்கு 0 அளவில் தடித்த தந்திகளின் தாழ்ந்த ஒலி மற்றவற்றை மூடாமல் ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்கும். குழுவோடு உரத்து வாசிக்க விரும்புகிறவருக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இனி பெயரும் ஆண்டும். மார்ட்டினில் 1898 முதல் வரிசை எண் உண்டு. ஒலித்துளை வழியே உள்ளே கழுத்துக் கட்டையில் பார்க்கலாம், ஆண்டைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். 1930களின் கிப்சன் எண்களை அப்படி நம்ப முடியாது. உடல் அமைப்பைக் கொண்டே காலம் கணிக்கிறோம். ஹார்மனி போன்ற சிகாகோ தொழிற்சாலைகளின் மலிவுக் கிட்டார்களில் உள்ளே பிரேஸ்கள் ஏணிப்படி போலக் குறுக்கே ஓடும். மார்ட்டினில் பெருக்கல் குறி போல் ஒன்றையொன்று வெட்டும். ஏணிப்படி அமைப்பைத் தாழ்வாக எண்ண வேண்டாம். அதன் உலர்ந்த, கூர்மையான குரலுக்காகவே தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலிய ரோஸ்வுட் உடல் கொண்டதை வாங்கினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 1992 முதல் அந்த மரம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சான்றுகள் இல்லாமல் நாட்டின் எல்லையைத் தாண்ட முடியாது.

நேரில் பார்க்க முடியாமல் வாங்குவோர், எங்களிடமானாலும் வேறு எவரிடமானாலும், தந்தி ஏற்றிய நிலையில் பக்கவாட்டுப் படம், பிரிட்ஜ் மேல் அளவுகோல் வைத்த படம், கண்ணாடி வழியே மேப்பிள் தகட்டின் படம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வந்து சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்காதீர்கள். ஒரு நாள் அறையின் வெப்பத்துக்குப் பழகட்டும். பிறகு அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருங்கள்.

எங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கிட்டாருக்கும் அந்த மூன்று அளவுகளையும், செய்த பழுதுகளையும், இனிச் செய்ய வேண்டியிருக்கும் பழுதுகளையும் எழுதிவைத்திருக்கிறோம். எதிலாவது ஐயம் இருந்தால் எழுதுங்கள். தந்தியைக் கழற்றி மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம்.

அன்புடன்,
பட்டறையிலும் விற்பனை மேசையிலும் உள்ளவர்கள்