கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கற்றுக்கொடுத்த பிள்ளைகளுக்கு

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை அம்மாவுக்கும், கணினி ஆசிரியருக்கும், இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்கும், சாவியைக் காத்த அக்காவுக்கும் வணக்கம்.

தை மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் உங்கள் கணினி ஆய்வகத்துக்கு வந்து கணினி பழகிய ஊர்க்காரர்கள் நாற்பது பேருக்காக இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. ஊர் அறியச் சொல்ல வேண்டிய நன்றி என்பதால் எழுத்திலேயே வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 6,029 அரசுப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம் கொடுத்தபோது, உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பத்து, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 20 என்று கணினிகள் வந்தன. எங்கள் பள்ளியின் இருபதையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். கடைசி மணி அடித்ததும் துணி போர்த்திப் பூட்டிவிடுவார்கள். பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் நாங்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஒரு கணினிக் கடை வாசலில் காத்துக் கிடப்போம். பட்டா நகல் எடுக்க, கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு செய்ய, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் போட, எல்லாவற்றுக்கும் அந்த வாசல்தான். ஆதார் எண்ணையும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் கேட்டவுடன் சொல்லிவிடுவோம். கடைக்காரர் என்ன தட்டுகிறார் என்பது நமக்குத் தெரியாது.

என் மூத்த மகளின் விண்ணப்பத்தில் அந்தக் கடைக்காரர் எங்கள் கைபேசி எண்ணுக்குப் பதிலாகத் தன் எண்ணையே போட்டுவிட்டார். கலந்தாய்வுக்கு அழைத்த செய்தி எங்களுக்கு வரவே இல்லை. அவள் ஒரு வருடம் ஜவுளிக் கடையில் நின்றாள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பாதியில் ஒருத்தியாகத்தான் நானும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மகளின் கதையைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். தலைமையாசிரியை அம்மா, நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தீர்மானப் புத்தகத்தை இழுத்து வைத்து எழுதத் தொடங்கினீர்கள். சனிக்கிழமை மூன்று மணி முதல் ஐந்தரை வரை ஆய்வகம் ஊராருக்கும் திறந்திருக்கும். வருகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாணவர்களின் கோப்புகள் தனியே இருக்க வேண்டும். ஒரு கணினி கெட்டால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். "நான்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை எழுதினீர்கள். அனுமதிக்காக அதன்பின் நீங்கள் நடந்த நடையை நான் அறிவேன்.

கணினி ஆசிரியர் ஐயா, உங்களுக்கு நன்றி சொல்ல எத்தனையோ இருந்தாலும் அந்த ஒரு விதிக்குத்தான் முதல் நன்றி. சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும், மவுஸைத் தொடக்கூடாது என்றீர்கள். எவ்வளவு கடினமான விதி அது! கீழத்தெருப் பெரியவர் ஒருவர் தன் நிலத்தின் புல எண்ணைத் தேடித் தேடித் தட்ட இருபது நிமிடம் ஆயிற்று. பக்கத்தில் நின்ற தம்பிக்கு அது ஒரு நொடி வேலை. அவன் விரல்கள் முதுகுக்குப் பின்னால் துடித்ததைப் பார்த்தேன். ஆனால் கை முன்னால் வரவில்லை. "தாத்தா, அடுத்த எண்" என்று மட்டும் சொன்னான். பட்டா திரையில் வந்தபோது பெரியவர் தன் பெயரைச் சத்தமாக வாசித்தார்.

தமிழ் 99 விசைப்பலகையைச் சொல்லிக் கொடுத்த மாணவியை மறக்கமாட்டேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் என்று அவள் அட்டையில் வரைந்து ஒட்டினாள். அ தட்டி, ம-வை இரண்டு முறை தட்டி, ஆ தட்டினால் "அம்மா" என்று வந்துவிடுகிறது. புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்தே தெரியாத மகளிர் குழுப் பெண்கள் அன்றைக்கே குழுவின் வரவு செலவை எழுத உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா, பள்ளியைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் எங்களுக்காகக் காத்திருந்தீர்கள். மூன்று வாரம் கதவுக்கு வெளியேதான் நின்றீர்கள். நான்காவது வாரம் ஒரு பிள்ளை நாற்காலி கொண்டுவந்து உங்களை உட்கார வைத்தது. நூறு நாள் வேலைக்கான இணையதளத்தில் உங்கள் வீட்டு வேலை அட்டையைத் திறந்து, எந்த வாரத்துக்குக் கூலி ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை என்று நீங்களே விரல் வைத்துப் பார்த்தீர்கள். அடுத்த சனிக்கிழமை உங்கள் தெருவிலிருந்து ஆறு பெண்கள் அட்டையோடு வந்தார்கள். அவர்களை அழைத்து வந்ததற்கும் சேர்த்து நன்றி.

மின்கலம் மாற்றிவிட்டுக் கூலி வாங்க மறுத்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும், இருட்டுவதற்குள் மாணவிகளை வீடு சேர்த்த ஆட்டோக்காரருக்கும், சனிக்கிழமையிலும் பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் கும்பிடு. பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதி அழிக்காமல் விட்ட பிள்ளைக்கும்.

தேர்வுக்காக மார்ச்சில் நிறுத்திய வகுப்பை, மே மாத விடுமுறையில் வெயிலோடு வந்து மீண்டும் நடத்தினீர்கள். அந்த மாதம்தான் அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பம். மகள் தட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன். கைபேசி எண்ணை மட்டும் என்னைத் தட்டச் சொன்னாள். பத்து எண்களையும் நான்தான் தட்டினேன். கலந்தாய்வுச் செய்தி வந்தபோது குறுவை நடவில் இருந்தேன்; கைச் சேற்றைப் புடவையில் துடைத்துவிட்டு அங்கேயே வரப்பில் உட்கார்ந்து படித்தேன். இப்போது அவள் முதலாண்டு படிக்கிறாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆய்வகத்தை மறுபடி திறப்பதாகச் சொன்னீர்கள். அன்றைக்குத் தேநீருக்குப் பால் எங்கள் வீட்டிலிருந்து வரும். மகளும் வருவாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க இந்த முறை அவளுக்கும் ஒரு இடம் கொடுங்கள்.

நன்றியுடன்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்