வாரம் ஏழு மணி நேரம் சண்டை

மதுரை

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. மாடி வீட்டைக் காலி செய்து கீழ் வீட்டுக்கு வந்ததிலேயே பாதி வலி போய்விட்டது. சின்னவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவிக்குத் தடை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் ரெஸ்லிங் பார்க்கிறேன். இந்த வயதில் இது தேவையா என்று வீட்டம்மா கேட்டாயிற்று, நீயும் கேட்காதே.

பையனோடு உட்கார்ந்து டபிள்யூடபிள்யூஇ கம்பெனியின் வாராந்திர ரெஸ்லிங் ஷோவான ராவைப் பார்த்தால் பாதியிலேயே தூக்கம் வருகிறது, நமக்கு வயதாகிவிட்டதா, இல்லை ஷோ கெட்டுவிட்டதா என்று எழுதியிருந்தாய். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் அவர்கள் போடுகிற அளவுதான் பெரிய காரணம் என்பது என் கட்சி. ரா 1993 ஜனவரியில் தொடங்கியபோது ஒரு மணி நேரம். 1997-ல் இரண்டாயிற்று, 2012 ஜூலையில் ஆயிரமாவது எபிசோடோடு மூன்றாயிற்று. கூடவே அதே கம்பெனியின் ஸ்மாக்டவுன், என்எக்ஸ்டி ஷோக்கள். ஒரே கம்பெனி வாரத்துக்கு ஏழு மணி நேரம் வரை சண்டை போட்டது, அதுவும் வருஷம் முழுக்க. சீசன் முடிந்தது, ஓய்வு என்ற பேச்சே கிடையாது.

எண்பதுகளில் டிவியில் பெரும்பாலும் வந்தது பெரிய ஆள், பெயர் தெரியாத ஒருவரை இரண்டு மூன்று நிமிடத்தில் புரட்டி எடுப்பதுதான். பெரிய ஆளும் பெரிய ஆளும் மோதுவதைப் பார்க்க வேண்டுமா? டிக்கெட் வாங்கு, இல்லாவிட்டால் ஒரு நிகழ்ச்சிக்கென்று தனியாகக் காசு கட்டி டிவியில் பார்க்கிற பே-பர்-வியூவை வாங்கு. காத்திருக்க வைப்பதுதான் தொழிலே.

அந்தத் தொழில் எப்படி ஓடியது, எப்படிக் கெட்டது என்பதற்கு அன்றைய போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவின் வீரர் ஸ்டிங் ஒருவர் கதை போதும். 1996 இலையுதிர் காலத்திலிருந்து ஓராண்டுக்கும் மேல் அவர் சண்டையே போடவில்லை. முகத்தில் கறுப்பு வெள்ளைச் சாயம், கையில் பேஸ்பால் மட்டை, அரங்கத்தின் கூரைச் சட்டத்தில் உட்கார்ந்து கீழே வில்லன் சாம்பியன் ஹோகனின் கூட்டம் செய்கிற அட்டூழியத்தை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் இறங்கி வந்து அவர்களை மட்டையால் அடிப்பார், அவ்வளவுதான். 1997 டிசம்பர் 28-ல் ஸ்டார்கேட் என்ற பெரிய ஷோவில் ஹோகனோடு மோதி சாம்பியன் பெல்ட்டை வென்றார். அந்தக் கம்பெனியின் பே-பர்-வியூக்களிலேயே அதிகம் விற்றது அதுதான். ஓராண்டு போட்டியில் இறங்காமலே சம்பாதித்துக் கொடுத்த பணம்!

சரி, அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? மறுநாள் இரவே அதே சண்டையை நைட்ரோ என்ற தங்கள் திங்கட்கிழமை டிவி ஷோவில் இலவசமாகப் போட்டார்கள். அதுவும் முடிவதற்குள் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது. மீதியை ஜனவரி 8-ல் தொடங்கிய தண்டர் என்ற புது வியாழக்கிழமை ஷோவில் காட்டினார்கள். அதே ஷோவில் ஸ்டிங்கிடமிருந்து பெல்ட்டையும் பிடுங்கி, சாம்பியன் யாருமில்லை என்று அறிவித்தார்கள். ஓராண்டுச் சேமிப்பு, புது ஷோவுக்கு ஆள் பிடிக்க 11 நாளில் காலி. அந்த மாதமே நைட்ரோவும் மூன்று மணி நேரமாயிற்று. ஜூலை 6-ல், ஜார்ஜியா டோமில் 40,000 பேர் முன்னால், புது நட்சத்திரம் கோல்ட்பெர்க் ஹோகனை வீழ்த்தியதும் இலவச டிவியில்தான். அடுத்த பே-பர்-வியூவுக்கு ஆறே நாள் இருந்தது. ரேட்டிங்கில் அந்த ஒரு திங்கட்கிழமை, அதே இரவில் ஓடிய ராவை ஜெயித்தால் போதும் என்று நினைத்தார்கள்.

இப்போது உன் தூக்கத்துக்கு வருகிறேன். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற ஆட்டம் இது. இரண்டு மூன்று மணி நேரத்தை நிரப்பப் பெரிய ஆட்களையே மோத விட வேண்டும், ஆனால் யாருடைய மதிப்பும் குறையக் கூடாது. அதனால்தான் ஜெயிக்கப் போகிறவனின் வேறொரு எதிரி உள்ளே வரும்போது போடுகிற பாட்டு திடீரென்று ஒலிக்கிறது, இவன் வாசலைத் திரும்பிப் பார்க்கிறான், மோதிக்கொண்டிருந்தவன் பின்னாலிருந்து சுருட்டி அமுக்க, நடுவர் மூன்று எண்ணிவிடுகிறார். அடுத்த வாரம் மறுபடி அதே ஜோடி, இந்தத் தடவை தோற்றவனுக்கு வெற்றி. நடுவில் ஒருவன் ரிங்குக்கு வெளியே பாய்ந்து விழுந்தால் விளம்பரம் வருகிறது என்று அர்த்தம். திரும்பி வந்து பார்த்தால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். நம் மெகா சீரியலில் முகம் முகமாக கேமரா சுற்றுவது மாதிரி நேரம் ஓட்டுகிற வேலை. அடிபடுவது மட்டும் நிஜ உடம்பு.

இதையெல்லாம் கம்பெனி அறியாததா என்று கேட்பாய். நன்றாக அறியும். ஆனால் கணக்கு மாறிவிட்டது. முன்பு காசு ரசிகன் பாக்கெட்டிலிருந்து வந்தது, அவனுக்கு அலுத்தால் கல்லாவில் தெரிந்துவிடும். இப்போது ஒளிபரப்பு உரிமைதான் பெரிய வரும்படி. ராவை நெட்ஃபிளிக்ஸ் 10 ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறது. மணிக்கணக்கில் சரக்கு விற்கிறவன் மணியைக் குறைப்பானா? நீ தூங்கினால் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வருஷம்தான் அவனுக்கு உறைக்கும். அதில் ஆபத்தும் உண்டு. டபிள்யூசிடபிள்யூ கவிழ்ந்ததற்குப் பல காரணம். ஆனால் 2001-ல் டிவி நிர்வாகம் ரெஸ்லிங்கே வேண்டாம் என்று நேரத்தை எடுத்துக்கொண்டதும் வாங்க வந்தவர்கள் விலகினார்கள், கடைசியில் ராவை நடத்திய போட்டிக் கம்பெனிக்கே அது போய்ச் சேர்ந்தது.

பழைய வித்தை செத்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ரா கம்பெனியின் ரோமன் ரெயின்ஸ் 1,316 நாள் சாம்பியன் பெல்ட்டை வைத்திருந்தாரே, பின்பாதியில் அவர் சண்டை போட்டதே அபூர்வம். வந்தால் அரங்கம் எழுந்து நின்றது. அவர் வராத வாரங்களை இழுத்த மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

பெரிய ஷோவை மட்டும் பார், வாராந்திரத்துக்கு ஹைலைட்ஸ் போதும். உன் பையன் ஒத்துக்கொள்ள மாட்டான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேச அவனுக்கு விஷயம் வேண்டுமே. அவன் யார் கட்சி என்று எழுது. பொங்கலுக்கு ரயில் டிக்கெட் போட்டதும் தேதி சொல், ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள