பின் நம்பரை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோயில் சுதை வேலை செய்யும் ஸ்தபதி. தென் ஆப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், வெருலம், டொங்காட் என்று தமிழர்கள் கட்டிய கோயில்கள் நிறைய உண்டு. அவற்றின் கோபுர வேலைக்கு நம் ஊரிலிருந்து ஆட்களை அழைத்து வருகிறேன். பெரும்பாலும் முதல்முறை விமானம் ஏறியவர்கள். வேலை விஷயத்தில் எனக்குக் கவலை இல்லை, கை தேர்ந்தவர்கள். அவர்கள் சம்பாதித்த காசு பத்திரமாக அவர்கள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் என் கவலை.

நம் ஊர் ஜவுளிக்கடையில் கார்டை நீட்டினால் நடப்பது எல்லோருக்கும் தெரியும். கேஷியர் மெஷினைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு "பின் நம்பர் சொல்லுங்க" என்பார். சுற்றி நாலு பேர் நிற்கும்போதே நாமும் சொல்லிவிடுவோம். பெட்ரோல் பங்கிலும் பல இடங்களில் இதேதான். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. இங்கே அப்படி இல்லை. ஹோட்டலில் மெஷினை மேசைக்கே கொண்டுவந்து நம் கையில் கொடுப்பார்கள். பெட்ரோல் போட்டால் கார் ஜன்னலுக்கு மெஷின் வரும். புதிதாக வந்த தம்பி ஒருவர் மளிகைக் கடையில் நின்றார். பில் போடும் பெண் மெஷினை நீட்ட, இவர் அதை வாங்காமல் நாலு எண்களையும் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் நின்ற வரிசையே நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பெண் பதறிப்போய்க் கையை ஆட்டி "சொல்லாதீங்க" என்று தடுத்தார். அன்று ராத்திரியே பின் நம்பரை மாற்ற வைத்தேன்.

இந்த ஊரில் பலருக்கு மாதம் 25-ஆம் தேதி வாக்கில் சம்பளம் வரும். ஏடிஎம் வாசலில் கூட்டம். கார்டை மாற்றிக் கொடுத்து ஏமாற்றுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். எங்கள் ஆள் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். மெஷின் கார்டை ஏற்கவில்லை. பின்னால் நின்றவர், நல்ல சட்டை, மரியாதையான பேச்சு, "கார்டைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்" என்று வாங்கித் தன் சட்டையிலேயே துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "இப்போது நம்பரை அழுத்துங்கள்" என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். பணம் வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று இவரும் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் இருந்தது அதே வங்கி, அதே நிறம், வேறு யாருடைய பெயரோ போட்ட கார்டு. வங்கிக்குப் போன் செய்யலாம் என்றால் அந்த நம்பர் கார்டின் முதுகில்தான் அச்சடித்திருந்தது. கார்டோடு அதுவும் போய்விட்டது. தேடிப்பிடித்து முடக்குவதற்குள் அன்றைய வரம்பு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பின் நம்பர் சரியாகப் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றது வங்கி. ஊரில் தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அது. அந்தப் பிள்ளை ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் தங்கும் வீட்டில் ஒவ்வொருவர் போனிலும் அவரவர் வங்கியின் நம்பரைப் பதிய வைத்திருக்கிறேன். வங்கி ஆப்பில் தினசரி வரம்பையும் குறைத்தாயிற்று. ரொக்கம் வேண்டுமானால் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்திலேயே எடுத்துக்கொள்ளும் வசதி இங்கே உண்டு, அதைத்தான் பயன்படுத்துகிறோம். இன்னொன்று. திருடன் மிரட்டினால் பின் நம்பரைத் தலைகீழாகப் போடுங்கள், போலீசுக்குத் தகவல் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய். 1221 என்று வைத்திருப்பவர் தலைகீழாகப் போட்டாலும் அதே 1221 தானே? இதை நம்பி உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

இதைவிட என்னை வருத்துவது ஊரில் விட்டுவிட்டு வரும் கார்டுதான். கிளம்புகிற அன்று ஊர்க் கணக்கின் ஏடிஎம் கார்டை மச்சானிடமோ சித்தப்பாவிடமோ கொடுத்து, கவர் மேலேயே பேனாவால் பின் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எஸ்எம்எஸ் வரும் சிம்மும் ஊரிலேயே கிடக்கும். பணம் போனால் இவருக்கு எப்படித் தெரியும்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி இதில் தெளிவாக இருக்கிறது. நம் மேலும் வங்கி மேலும் தப்பில்லாமல் வெளியாள் பணத்தை எடுத்து, நாம் மூன்று வேலை நாளுக்குள் புகார் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. பின் நம்பரை நாமே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போன பணம் முழுக்க நம் தலையில்தான். சொந்தக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கார்டைத் தொலைத்தாலும் கணக்கு இதேதான். அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ தனிக் கணக்கு திறந்து, அவருக்கென்று ஒரு கார்டு வாங்கிக் கொடுத்து, மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போடுங்கள். வங்கியில் கேட்டு எஸ்எம்எஸ், மின்னஞ்சல் இரண்டும் உங்களுக்கே வருகிற மாதிரி மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறக்கவும் மூடவும் 2020 முதல் வசதி உண்டு. ஊரில் இருக்கும் கார்டுக்கு அது மூடியே இருக்கட்டும்.

தங்கள் நாளிதழ் வழியாகக் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜவுளிக்கடை, நகைக்கடை, பெட்ரோல் பங்க் எங்கானாலும் மெஷினை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். வயர் எட்டவில்லை என்றால் வயர் இல்லாத மெஷினை வங்கியில் கேட்டு வாங்கி வையுங்கள். நம்பரைச் சொல்லச் சொல்லாதீர்கள் என்று கல்லாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கோயில் ஸ்தபதி ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென் ஆப்பிரிக்கா.